பட்டைக்கு அடியில் வந்த பகை

2002 கோடையில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரைச் சுற்றியிருந்த ஆஷ் மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தன. முதலில் வறட்சி என்றார்கள், பிறகு வழக்கமாக வரும் நோய் என்றார்கள். பட்டையை உரித்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. உள்ளே வளைந்து வளைந்து சென்ற சுரங்கங்கள், அவற்றில் நெளிந்த வெள்ளைப் புழுக்கள். அந்தப் புழு வளர்ந்து வெளிவந்த வண்டு ஒரு சென்டிமீட்டர் நீளம்தான் இருந்தது. உடல் முழுக்க உலோகப் பச்சையில் மின்னியது. அது என்ன வண்டு என்று உள்ளூரில் யாராலும் சொல்ல முடியவில்லை.

மாதிரிகள் அட்லாண்டிக் கடலைக் கடந்து ஸ்லோவாக்கியா நாட்டின் பிராட்டிஸ்லாவா நகரத்துக்குப் போயின. இந்த வகை வண்டுகளை ஆராய்வதில் தேர்ந்த எடுவார்ட் யெண்டெக் அதை அடையாளம் கண்டார். அறிவியல் பெயர் அக்ரிலஸ் பிளானிபென்னிஸ். சொந்த ஊர் வடகிழக்குச் சீனா, கொரியா, ரஷ்யாவின் தூரக் கிழக்குப் பகுதி. சரக்குப் பெட்டிகளைத் தாங்கிவந்த மரச்சட்டங்களின் பட்டைக்குள் ஒளிந்து அது கப்பலேறியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பட்டுப்போன மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்ததில் இன்னொரு செய்தியும் வெளிப்பட்டது. 1997-லேயே இந்த வண்டு மரங்களைக் கொல்லத் தொடங்கிவிட்டது. மரம் சாகவே சில ஆண்டுகள் ஆகும் என்பதால், அடையாளம் காணப்படுவதற்குப் பத்தாண்டுகள் முன்பே அது அமெரிக்காவில் குடியேறியிருக்கலாம்.

அமெரிக்கக் காடுகளில் அப்போது 800 கோடி ஆஷ் மரங்கள் இருந்ததாக மதிப்பீடு. நகரத் தெருக்களில் நின்றவை தனி.

மரகத வண்டு என்று இப்போது அழைக்கப்படும் இந்தப் பூச்சி கொல்லும் முறை எளிமையானது. பெண் வண்டு பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடுகிறது. பொரிந்த புழு பட்டையைத் துளைத்து அதன் உட்புறத்திலுள்ள புளோயத் திசுவை அடைகிறது. இலையில் தயாரான சர்க்கரை வேருக்கு இறங்கும் பாதை அது. புழு அதைத் தின்றுகொண்டே நெளிந்து நெளிந்து முன்னேறுகிறது. ஒரு புழுவால் மரத்துக்கு ஆபத்தில்லை. நூற்றுக்கணக்கில் சேர்ந்து தின்னும்போது அடிமரத்தைச் சுற்றிலும் பாதை அறுந்துபோகிறது, வேர் பட்டினி கிடக்கிறது. வளர்ந்த வண்டு வெளியேறும்போது ஆங்கில எழுத்து ‘டி’யின் வடிவில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளையை விட்டுச் செல்கிறது. அந்தத் துளை கண்ணில் படும் வேளையில் மரத்தின் கதை பெரும்பாலும் முடிந்திருக்கும். நல்ல ஆரோக்கியமான மரமும் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளில் சாய்கிறது. மிச்சிகனின் சில காடுகளில் வளர்ந்த ஆஷ் மரங்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் பட்டுப்போயின.

வண்டு தானாகப் பறந்து போகும் தூரம் பெரும்பாலும் சில கிலோமீட்டர்தான். மனிதர்கள்தான் அதை நெடுந்தூரம் சுமந்தார்கள். கோடை விடுமுறையில் காட்டோரம் கூடாரமடிக்கப் போகிறவர்கள் காரின் பின்புறத்தில் விறகு ஏற்றிச் சென்றார்கள். நாற்றுப் பண்ணைகள் கன்றுகளை வெளி மாநிலங்களுக்கு அனுப்பின. 2013-இல் கொலராடோவின் போல்டர் நகரத்திலும், 2022-இல் பசிபிக் கரைக்கு அருகே ஓரிகன் மாநிலத்தின் ஃபாரஸ்ட் குரோவ் என்ற ஊரிலும் வண்டு தென்பட்டது. இடையில் 2017-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வட அமெரிக்காவின் ஐந்து ஆஷ் இனங்களை அழிவின் விளிம்பில் நிற்பவையாக அறிவித்தது. கால் நூற்றாண்டுக்கு முன்பு தெருவுக்குத் தெரு நின்ற சாதாரண மரம் அது.

இப்படி நேர்வது அமெரிக்காவுக்கு இது முதல் முறை அல்ல. வைரம் பாய்ந்த அகல இலை மரங்கள், மரவியலில் வன்மரங்கள் எனப்படுபவை, அந்நாட்டின் கிழக்குப் பாதியை நிறைத்திருந்தன. அவற்றில் மூன்று பேரினங்களை ஒரே நூற்றாண்டில் வெளியிலிருந்து வந்த உயிர்கள் வீழ்த்தின.

முதலில் விழுந்தது செஸ்நட். வடக்கே மெய்ன் மாநிலத்திலிருந்து தெற்கே அலபாமா, மிசிசிப்பி வரை பரவியிருந்த மரம். அப்பலாச்சியன் மலைத்தொடரின் சில பகுதிகளில் நான்கு மரங்களுக்கு ஒன்று செஸ்நட்டாக இருந்ததாகச் சொல்வார்கள். டானின் மிகுந்த அதன் கட்டை மழைக்கும் கறையானுக்கும் எளிதில் மசியாது. தண்டவாளக் கட்டை, தந்திக் கம்பம், வேலி, வீடு எல்லாம் அதில் செய்தார்கள். இலையுதிர் காலத்தில் கீழே குவியும் கொட்டைகளைக் கரடியும் மானும் தின்றன. மலையூர் மக்களின் பன்றிகள் அவற்றைத் தின்றே கொழுத்தன. மிச்சத்தை அள்ளி ரயிலேற்றி நகரத்தில் விற்ற காசில் குழந்தைகளுக்குக் காலணி வாங்கிய குடும்பங்கள் உண்டு.

1904-இல் நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குக்காட்சிச் சாலையின் மரக்காவலர் ஹெர்மன் மெர்க்கல், அங்கிருந்த செஸ்நட் மரங்களின் பட்டையில் ஆரஞ்சு நிறப் புண்களைக் கண்டார். அருகிலிருந்த தாவரவியல் பூங்காவின் வில்லியம் மரில் அது ஒரு பூஞ்சை என்று 1906-இல் விவரித்தார். காற்றிலும் மழைத்துளியிலும் பூச்சிகளின் காலிலும் ஒட்டிப் பயணம் செய்யும் அதன் வித்துகள் பட்டையின் சிறு காயம் வழியே நுழைகின்றன. உள்ளே பூஞ்சை ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து உயிருள்ள திசுவைக் கொன்றபடி மரத்தைச் சுற்றி வளைக்கிறது. புண்ணுக்கு மேலே உள்ள பகுதி முழுதும் காய்ந்துபோகிறது.

பென்சில்வேனியா மாநிலம் 1911-இல் 2,75,000 டாலர் ஒதுக்கி ஒரு தனி ஆணையம் அமைத்தது. நோயுற்ற மரங்களை வெட்டி எரித்து இடைவெளி உண்டாக்கினால் பூஞ்சையைத் தடுத்துவிடலாம் என்று நம்பினார்கள். இரண்டே ஆண்டுகளில் ஆணையம் மூடப்பட்டது. அதே 1913-இல் அமெரிக்க வேளாண் துறையின் தாவரத் தேடல் பயணி ஃபிராங்க் மேயர் சீனாவில் இந்தப் பூஞ்சையைக் கண்டுபிடித்தார். அங்கே அது செஸ்நட் மரங்களில் சிறு புண்களோடு நின்றுவிட்டது. 1870-கள் தொட்டுத் தோட்டப் பிரியர்களுக்காக இறக்குமதியான ஆசியச் செஸ்நட் கன்றுகளோடு அது அமெரிக்காவுக்கு வந்திருந்தது. 1950-க்குள் ஏறத்தாழ 350 முதல் 400 கோடி மரங்கள் மாண்டன. செஸ்நட் இலையை மட்டுமே நம்பியிருந்த சில அந்துப்பூச்சி இனங்களும் காணாமல் போயின.

அடுத்தது எல்ம். விரிந்த கிளைகளால் தெருவின் இருபுறமும் பந்தலிடும் மரம் என்பதால் அமெரிக்க ஊர்கள் போட்டி போட்டுக்கொண்டு அதை வரிசை வரிசையாக நட்டன. முதல் உலகப்போரை ஒட்டி ஐரோப்பாவில் எல்ம் மரங்கள் வாடத் தொடங்கின. நெதர்லாந்தில் யோஹானா வெஸ்டர்டைக் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் பியா ஷ்வார்ட்ஸ், கிறிஸ்டின் பாய்ஸ்மன் ஆகிய இளம் பெண் ஆய்வாளர்கள், ஒரு பூஞ்சைதான் காரணம் என்று நிலைநாட்டினார்கள். அந்தப் பூஞ்சை 1930-இல் ஓஹியோ மாநிலத்தில் தலைகாட்டியது. வெனீர்ப் பலகைக்காக ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான எல்ம் தடிகளில் வந்தது அது. மரத்துக்கு மரம் அதைச் சுமக்கும் பட்டை வண்டு அதற்கு முன்பே அமெரிக்காவில் காலூன்றியிருந்தது.

பூஞ்சை நுழைந்ததும் எல்ம் மரம் தன்னைக் காத்துக்கொள்ள நீர் ஏறும் சைலக் குழாய்களை அடைக்கிறது. நோயைத் தடுக்கப் போட்ட அடைப்பே மரத்துக்குத் தண்ணீர் கிடைக்காமல் செய்துவிடுகிறது. நெருக்கமாக நட்ட தெரு மரங்களின் வேர்கள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்திருந்ததால் நோய் வண்டின் தயவு இல்லாமலும் வரிசை முழுவதும் பாய்ந்தது. 1930-இல் வட அமெரிக்காவில் இருந்ததாகக் கணக்கிடப்பட்ட 7.7 கோடி எல்ம் மரங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் 1989-க்குள் போய்விட்டன.

மொட்டையாகிப் போன அந்தத் தெருக்களில் அடுத்து எதை நட்டார்கள்? பெரும்பாலும் ஆஷ். வேகமாக வளரும், உறைபனியையும் நகரத்துப் புழுதியையும் தாங்கும், நாற்றுப் பண்ணையில் மலிவாகக் கிடைக்கும். ஒரே இனத்தை வரிசையாக நட்டதன் விலையை எல்ம் சொல்லியிருந்தும், நகரங்கள் அதே முறையில் வேறொரு மரத்தை நட்டன. 2002-இல் மரகத வண்டுக்கு அந்த வரிசைகள் தடையில்லாத பாதையாக அமைந்தன.

இந்த உயிர்கள் தம் சொந்த மண்ணில் ஏன் இப்படிக் காடுகளை அழிப்பதில்லை? மஞ்சூரிய ஆஷ் மரமும் மரகத வண்டும் ஒரே நிலத்தில் எண்ணற்ற தலைமுறைகளாகச் சேர்ந்து வாழ்ந்தவை. வண்டைத் தாங்க முடியாத மரங்கள் விதை போடாமலே மடிந்தன, தாங்கியவை பெருகின. இன்று அந்த மரத்தின் பட்டையில் புழுவுக்கு ஒவ்வாத வேதிப்பொருள்கள் ஊறியிருக்கின்றன. அங்கே வண்டு பெரும்பாலும் வறட்சியிலோ வேறு காயத்திலோ நலிந்த மரத்தைத்தான் பிடிக்கும். போதாததற்கு அதன் முட்டையையும் புழுவையும் தேடித் தின்னும் குளவிகளும் அங்கே உண்டு. அமெரிக்க ஆஷ் மரத்துக்கு இந்த வண்டின் அறிமுகமே கிடையாது. வண்டைத் துரத்தி வரும் குளவிகளும் கப்பலேறவில்லை. கடலும் மலையும் பிரித்து வைத்திருந்த இரண்டு உயிர்களைச் சில வாரக் கப்பல் பயணம் நேருக்கு நேர் நிறுத்திவிட்டது. தகவமைத்துக்கொள்ள மரத்துக்குத் தேவை பல நூறு தலைமுறைகள். அதற்குக் கிடைத்ததோ ஐந்து ஆண்டுகள்.

ஒரு மரம் போனால் அதோடு போவது என்ன என்பதைக் கறுப்பு ஆஷ் காட்டுகிறது. பேரேரிகளைச் சுற்றியுள்ள சதுப்புக் காடுகளில் நீரில் கால் நனைத்து நிற்கும் மரம் இது. கோடையில் அது உறிஞ்சி ஆவியாக்கும் நீரால்தான் அந்த நிலத்தின் நீர்மட்டம் தாழ்ந்திருக்கிறது. மரங்கள் மடிந்த இடங்களில் நீர்மட்டம் ஏறி, வேறு மரக்கன்றுகளும் முளைக்க முடியாமல், காடு கோரைப்புல் சதுப்பாக மாறத் தொடங்குகிறது.

ஒஜிப்வே, மோஹாக், வபனாக்கி முதலிய பூர்வகுடிகளுக்குக் கறுப்பு ஆஷ் கூடைமரம். பச்சையாக வெட்டிய தடியைச் சுத்தியலால் நெடுகத் தட்டுவார்கள். ஒவ்வோர் ஆண்டு வளையத்திலும் வசந்த காலத்தில் உருவான பெரிய குழாய்கள் நசுங்க, அதற்கு மேலுள்ள அடுக்கு நீண்ட பத்தையாகக் கழன்று வரும். அதைச் சீவி, கிழித்து, கூடை முடைவார்கள். வேறு மரங்களில் இப்படிக் கழன்று வருவது அரிது. நல்ல கூடைமரத்தைக் காட்டில் கண்டறிவதும், தட்டுவதும், முடைவதும் பாட்டன் பாட்டி பேரப்பிள்ளைகளுக்குக் கைப்பழக்கமாகக் கொடுத்துவந்தவை. மரம் ஒரு தலைமுறைக் காலம் இல்லாமல் போனாலும் அந்தக் கைப்பழக்கம் அறுந்துவிடும். அதனால் இந்தச் சமூகங்கள் இப்போது விதை சேகரிப்பதிலும் பத்தைகளை உரித்துச் சேமிப்பதிலும் முனைந்திருக்கின்றன.

நகரத்தில் நேர்ந்த இழப்புக்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜெஃப்ரி டோனவனும் உடனுழைத்தவர்களும் 15 மாநிலங்களில் 1990 முதல் 2007 வரையிலான இறப்புப் பதிவுகளை வண்டு பரவிய வரைபடத்தோடு ஒப்பிட்டார்கள். வருமானம், கல்வி போன்ற வேறுபாடுகளைக் கழித்த பிறகும், வண்டு பரவிய மாவட்டங்களில் மூச்சு நோய்களால் 6,113 பேரும் இதய, இரத்தக்குழாய் நோய்களால் 15,080 பேரும் கூடுதலாக இறந்திருந்தது தெரியவந்தது. மரம் போனதுதான் காரணம் என்று இந்தப் புள்ளிவிவரம் மட்டும் மெய்ப்பித்துவிடாது. ஆனால் நிழலும் தூய காற்றும் குறைந்த தெருவில் உடல்நலமும் குறைகிறது என்ற ஐயத்துக்கு அது வலுவான சான்று.

மடிந்த மரம் விட்டுச்சென்ற வெளிச்சத்திலும் சிக்கல் இருக்கிறது. கூரை திறந்த காட்டில் உள்ளூர்க் கன்றுகள் எழ வேண்டும். பல இடங்களில் ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்த பக்தார்ன், ஹனிசக்கிள் புதர்கள் முந்திக்கொள்கின்றன. தமிழ் வாசகர்களுக்கு இன்னும் வியப்பளிக்கக் கூடியது மண்புழுவின் கதை. உழவனின் நண்பன் என்று நாம் படித்த அதே மண்புழு, பேரேரிப் பகுதிக் காடுகளுக்குப் பகையாகிவிட்டது. பனியூழிக் காலத்துப் பனிப்பாளங்கள் அந்த நிலத்தை மூடியிருந்ததால் அங்கே உள்ளூர் மண்புழு கிடையாது. விழுந்த இலைகள் மெல்ல மக்கித் தடித்த மெத்தையாகக் கிடக்கும். சுகர் மேப்பிள் போன்ற மரங்களின் விதைகள் அந்த இலை மக்கில்தான் முளைத்துப் பழகின. குடியேறிகளின் செடித்தொட்டி மண்ணிலும், பின்னர் தூண்டில்காரர்கள் கொட்டிச் சென்ற மிச்சத்திலும் வந்த ஐரோப்பிய மண்புழுக்கள் அந்த மெத்தையைச் சில ஆண்டுகளில் தின்று தீர்க்கின்றன. வெறுமையான மண்ணில் கன்றுகள் குறைகின்றன. ஓர் உயிர் நல்லதா கெட்டதா என்பதை அது வாழும் இடத்தை விட்டுப் பிரித்துச் சொல்ல முடியாது.

மருந்து உண்டா? ஒரு மரத்தைக் காப்பாற்ற உண்டு. எமமெக்டின் பென்சோயேட் என்ற பூச்சிக்கொல்லியை அடிமரத்தில் ஊசி வழியே செலுத்தினால் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு வண்டு அண்டாது. பூங்காவிலுள்ள மரத்துக்கு இது சரி, காட்டுக்குச் சரிவராது. காட்டுக்காக 2007 முதல் சீனாவிலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவிகளை விடுகிறார்கள். பின்னர் ரஷ்யாவின் தூரக் கிழக்கிலிருந்து ஒரு குளவியும் சேர்ந்தது. அவை மரகத வண்டைத் தவிர வேறு பூச்சிகளைத் தாக்கி இன்னொரு வினையாகிவிடக் கூடாது என்பதற்காக முதலில் தனிமைக் கூடங்களில் நெடுநாள் சோதித்தார்கள். குளவிகள் பல இடங்களில் நிலைத்து இளம் மரங்களில் உள்ள புழுக்களைக் குறைக்கின்றன. முதிர்ந்த மரத்தின் தடித்த பட்டையை ஊடுருவ எல்லாக் குளவிகளாலும் முடிவதில்லை. விறகையும் தடியையும் வெளியே எடுத்துச்செல்ல மத்திய அரசு போட்டிருந்த தடையை 2021 ஜனவரியில் விலக்கிக்கொண்ட வேளாண் துறை, இந்தக் குளவி வேலையில் கூடுதல் கவனம் செலுத்துகிறது.

மற்றொரு வழி, தப்பிப் பிழைத்த மரங்களைத் தேடுவது. சுற்றிலும் எல்லாம் பட்டுப்போன காட்டில் எங்கோ ஓர் ஆஷ் மரம் பச்சையாக நிற்கும். ஓஹியோவில் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜெனிஃபர் கோக் குழுவினர் அத்தகைய மரங்களின் கிளைகளை ஒட்டுக்கட்டிப் பெருக்கி, அவற்றில் வேண்டுமென்றே வண்டு முட்டைகளை வைத்துச் சோதிக்கிறார்கள். தாங்கும் மரங்களை ஒன்றோடொன்று கலந்து விதையெடுக்கிறார்கள்.

செஸ்நட் இந்த வேலையின் நீளத்தைக் காட்டுகிறது. பூஞ்சையால் மண்ணுக்கடியில் மற்ற நுண்ணுயிர்களோடு போட்டியிட முடியாது. அதனால் வேர் பிழைக்கிறது. பழைய தூரிலிருந்து இன்றும் துளிர் எழுகிறது, சில ஆண்டுகள் வளர்கிறது, மீண்டும் புண் வந்து காய்கிறது. 1983-இல் தொடங்கிய அமெரிக்கச் செஸ்நட் அறக்கட்டளை சீன மரத்தின் எதிர்ப்புத்திறனைப் பிற்கலப்பு முறையில் அமெரிக்க மரத்துக்கு மாற்ற முயன்றது. அந்தத் திறன் இரண்டு மூன்று மரபணுக்களில் அடங்காமல் பலவற்றில் சிதறிக் கிடப்பது பின்னர்தான் புரிந்தது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் பவல், சார்லஸ் மேனார்ட் குழு ஆக்சாலிக் அமிலத்தைச் சிதைக்கும் கோதுமை மரபணு ஒன்றைச் செஸ்நட்டில் சேர்த்தது. அப்படி உருவான ‘டார்லிங் 58’ வரிசை என்று பல ஆண்டுகளாக நம்பிச் சோதித்த மரங்கள் உண்மையில் வேறொரு வரிசையைச் சேர்ந்தவை என்று தெரியவந்ததாலும், எதிர்பார்த்த அளவு தாங்காததாலும், 2023 டிசம்பரில் அறக்கட்டளை ஆதரவை விலக்கியது. ஐரோப்பாவில் பூஞ்சையையே நோயாளியாக்கும் ஒரு வைரஸ் இயற்கையாகப் பரவிச் செஸ்நட் காடுகளைக் காத்தது. அமெரிக்காவில் பூஞ்சையின் வகைகள் மிகுதி. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வைரஸ் தாவுவது கடினம் என்பதால் அங்கே அது கைகொடுக்கவில்லை.

நோய் வந்த பின் பட்ட பாடு இவ்வளவு. வராமல் தடுக்கும் வேலை இதைவிட மிகவும் மலிவு. செஸ்நட் சாவு கண்முன் நடந்துகொண்டிருந்த 1912-இல்தான் அமெரிக்கா முதன்முதலாகத் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் இயற்றியது. மரகத வண்டு அமெரிக்காவில் அடையாளம் காணப்பட்ட அதே 2002-இல் சரக்கு மரச்சட்டங்களுக்கான உலக விதி ஏற்கப்பட்டது. கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை 30 நிமிடம் காட்ட வேண்டும், இல்லையேல் நச்சுப்புகை மூட்ட வேண்டும். அப்படிச் செய்த கட்டைக்குக் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை உண்டு. சென்னையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வெளிநாட்டுக்குப் போகும் மரச்சட்டங்களும் இந்த முத்திரையோடுதான் போக வேண்டும். உள்ளே வருபவற்றில் அதைச் சரிபார்ப்பது நம் மரங்களுக்குச் செய்யும் காவல். 2009 முதல் 2019 வரை ஆஷ் மரங்களை வெட்டவும் மருந்திடவும் மாற்று நடவும் அமெரிக்க நகரங்களுக்கு 1,070 கோடி டாலர் செலவாகும் என்று பொருளியல் ஆய்வாளர்கள் முன்கூட்டியே கணித்திருந்தார்கள். துறைமுகத்தில் ஒரு கட்டையைச் சூடாக்கும் செலவை அதனருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நடும் முறையிலும் மாற்றம் வந்திருக்கிறது. 1990-இல் மரவியலாளர் ஃபிராங்க் சாண்டமோர் ஒரு வரையறை தந்தார். ஒரு நகரத்தில் எந்த ஒரு மர இனமும் 10 விழுக்காட்டையும், ஒரு பேரினம் 20 விழுக்காட்டையும், ஒரு குடும்பம் 30 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. ஆஷ் வரிசைகளை இழந்த பல நகரங்கள் இப்போது இதைக் கைக்கொள்கின்றன.

ஓரிகன் மாநிலம் ஒருபடி முன்னே சென்றது. ஆற்றங்கரைகளில் நின்று சால்மன் மீன் ஏறும் ஓடைகளுக்கு நிழல் தரும் ஓரிகன் ஆஷ், வண்டின் வாய்க்கு இரையாகும் நாள் வரும் என்று அங்குள்ள வனத்துறையினர் முன்பே கணித்தார்கள். வண்டு வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2019-இலேயே, மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்து விதை சேகரித்துக் குளிர்க் கிடங்கில் வைக்கத் தொடங்கினார்கள். அந்த விதைகளில் எழும் கன்றுகளில் வண்டைத் தாங்கக் கூடியவை எவை என்று சோதிக்கும் பணி நடக்கிறது. செஸ்நட்டுக்கும் எல்முக்கும் இப்படி ஒரு முன்னேற்பாடு கிடைக்கவில்லை.